பக்கத்து நாடு கூட்டைவிட்டுப் போனால் சிறிய நாடு முதலில் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்?

கேள்வி: "பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறியபோது அயர்லாந்து எவற்றுக்கு முன்னுரிமை கொடுத்தது? ஏன் அந்த வரிசை? மொரீஷியஸ் போன்ற சிறிய நாட்டுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?" இப்படிக் கேட்டிருப்பவர் நம் மொரீஷியஸின் ரெதுய்யில் பொருளியல் படிக்கும் மாணவி. தமிழிலேயே கேட்டிருக்கிறார். நம் தீவில் தமிழில் இப்படிக் கேள்விகள் வருவது அபூர்வம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பேராசிரியன் அல்ல. போர்ட் லூயித் துறைமுகத்தில் 31 ஆண்டுகள் சுங்க முகவராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பொருளியல் வகுப்பில் இந்தக் கேள்வியை வரியில் இருந்து தொடங்குவார்கள்: விலகும் நாடு எத்தனை விழுக்காடு தீர்வை போடும், ஏற்றுமதி எவ்வளவு குறையும் என்று. என் அனுபவத்தில் வரி எவ்வளவு என்று முதலில் கேட்பவர் சரக்கை இன்னும் அனுப்பாதவர். அனுப்பியவர் கேட்கும் முதல் கேள்வி, "என் பெட்டி எங்கே நிற்கிறது?" என்பதுதான். அயர்லாந்து அரசு இந்த இரண்டாவது கேள்வியில் இருந்து தொடங்கியது என்பதே என் கருத்து. அதனால்தான் அதன் வரிசை சரியாக அமைந்தது.

முதலில் பின்னணி. அயர்லாந்தும் பிரிட்டனும் ஒரே நாளில், 1973 ஜனவரி 1 அன்று, அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தன. அது தற்செயல் அல்ல. அப்போது அயர்லாந்தின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பிரிட்டனுக்கே போய்க்கொண்டிருந்தது. அண்ணன் உள்ளே போனால் தம்பி திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் உள்ளே போன பிறகு தம்பி நன்றாகப் பிழைத்துக்கொண்டான். அமெரிக்க மருந்து நிறுவனங்களும் கணினி நிறுவனங்களும் வந்து இறங்கின, சந்தை விரிந்தது. பிரிட்டன் பொது வாக்கெடுப்பு நடத்திய 2016-ல் அயர்லாந்தின் சரக்கு ஏற்றுமதியில் பிரிட்டனின் பங்கு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகச் சுருங்கியிருந்தது.

அப்படியானால் கவலை எதற்கு என்று கேட்கலாம். அந்த எட்டில் ஒன்றுக்குள் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் விடை தெரியும். மாட்டிறைச்சி ஏற்றுமதியில் ஏறத்தாழ பாதி, செடார் சீஸில் பெரும்பகுதி, காளானில் கிட்டத்தட்ட எல்லாமே பிரிட்டனுக்குப் போயின. மருந்து ஆலை கார்க் நகரத்துத் துறைமுகத்தின் ஓரத்தில் நிற்கிறது. மாடும் காளானும் இருப்பது மோனகனிலும் கேவனிலும், எல்லையோரக் கிராமங்களில். நாட்டின் சராசரிக் கணக்கு அழகாக இருக்கும்போது ஒரு மாவட்டம் முழுவதும் மூழ்கிப் போகலாம். மொத்த வருமானத்தில் சர்க்கரையின் பங்கு சில விழுக்காடுதான் என்று நம் ஊரிலும் சொல்கிறார்கள். ஃப்ளாக்கில் கரும்பு போட்டவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

காளான் கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடநூல்கள் அதைத் தவறவிடுகின்றன. வாக்கெடுப்பு நடந்தது 2016 ஜூன் 23 அன்று. பிரிட்டன் உண்மையில் வெளியேறியது 2020 ஜனவரி 31 அன்று. சுங்க விதிகள் மாறியது 2021 ஜனவரி 1 அன்று. நடுவில் நான்கரை ஆண்டுகள். ஆனால் ஐரிஷ் காளான் பண்ணைகள் சில 2016 முடிவதற்குள்ளேயே மூடப்பட்டன. ஒரு சட்டம்கூட மாறவில்லை, ஒரு காசு வரியும் கூடவில்லை. பவுண்டின் மதிப்பு சரிந்தது, அவ்வளவுதான். பிரிட்டிஷ் கடைகளோடு பவுண்டில் விலை பேசி, கூலியை யூரோவில் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு லாபம் சில வாரங்களில் ஆவியாகிவிட்டது. காளானை விலை ஏறும்வரை கிடங்கில் வைத்திருக்கவும் முடியாது. அது ஒவ்வொரு நாளும் பறித்தாக வேண்டிய பயிர்.

ஆகவே பக்கத்து நாடு விலகும்போது முதல் அடி சட்டத்தில் இருந்து வராது, நாணயத்தில் இருந்து வரும். நம் ஊர் ஆடை ஏற்றுமதிக்காரர்கள் பலரும் அந்த ஜூன் மாதத்தில் இதே பாடத்தைக் கற்றார்கள். பவுண்டில் ஒப்பந்தம் போட்டவர்கள் என் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

இனி அயர்லாந்து எழுதி வைத்த வரிசைக்கு வருகிறேன். வாக்கெடுப்பு முடிவு வந்த அன்றே, 2016 ஜூன் 24 அன்று, டப்ளின் அரசு ஒரு முன்னேற்பாட்டுத் திட்டத்தை வெளியிட்டது. லண்டனில் பிரதமர் பதவி விலகல் அறிவித்துக்கொண்டிருந்தார், அங்கே அடுத்து என்ன என்பதற்கு ஒரு தாள்கூட இல்லை. டப்ளினில் தாள் தயாராக இருந்தது. பிறகு அரசு தன் முன்னுரிமைகளை நான்காக வகுத்துச் சொன்னது: பொருளாதாரத்துக்கும் வணிகத்துக்கும் வரும் பாதிப்பைக் குறைப்பது, பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தின் அமைதி ஏற்பாட்டைக் காப்பது, பிரிட்டனோடு இருக்கும் பொதுப் பயணப் பகுதியைத் தக்கவைப்பது, ஒன்றியத்துக்குள் தன் இடத்தை உறுதிப்படுத்திக்கொள்வது. தாளில் பொருளாதாரம் முதலில் வந்தாலும், நடைமுறையில் வட அயர்லாந்தோடு உள்ள எல்லைதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது.

அந்த எல்லையை நான் பார்த்திருக்கிறேன். அல்லது பார்க்கத் தவறினேன் என்று சொல்ல வேண்டும். என் மகள் டப்ளினில் வேலை பார்த்தபோது, 2018-ல், அவளைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு நாள் வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டுக்கு பஸ்ஸில் போனோம், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். தொழில் பழக்கம் விடுமா? ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சாவடி எப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். வரவே இல்லை. ஓர் இடத்தில் சாலையோரத்து மஞ்சள் கோடு வெள்ளைக் கோடாக மாறியது. கிலோமீட்டரில் இருந்த பலகைகள் மைலுக்கு மாறின. "அப்பா, நாம் எல்லையைத் தாண்டிப் பத்து நிமிடம் ஆகிறது" என்றாள் மகள். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லை, 200-க்கு மேற்பட்ட சாலைக் கடப்புகள். குளோன்ஸ் என்ற சிற்றூரில் இருந்து கேவனுக்குப் போகும் சாலை பத்து கிலோமீட்டருக்குள் நான்கு முறை எல்லையைக் கடக்கிறது. இங்கே எத்தனை சாவடி கட்டுவீர்கள், யாரை உட்காரவைப்பீர்கள்?

யாரை உட்காரவைப்பீர்கள் என்பது வெறும் செலவுக் கணக்கு அல்ல. அந்த எல்லையில் சுங்கச் சாவடிகள் இருந்த காலம் ஒன்று உண்டு. 1972 ஆகஸ்ட் 22 அன்று நியூரி சுங்க நிலையத்தில், வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்கப் போராடிய ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. கொண்டுவந்த குண்டு வெடித்து 9 பேர் இறந்தார்கள். சுங்க எழுத்தர்களும் லாரி ஓட்டுநர்களும் அவர்களில் இருந்தார்கள், குண்டைக் கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா அயர்லாந்தோடு சேர்வதா என்ற முப்பது ஆண்டு மோதலில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,500 பேர். 1993-ல் ஒற்றைச் சந்தை வந்து சுங்கச் சாவடிகள் மறைந்தன. 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான பெரிய வெள்ளி அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு ராணுவக் காவல் கோபுரங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. 2018 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டு விருந்துக்கு அயர்லாந்துப் பிரதமர் லியோ வராத்கர் போகும்போது நியூரிக் குண்டுவெடிப்பைப் பற்றிய கட்டுரை வந்த ஐரிஷ் டைம்ஸ் இதழின் படியை எடுத்துக்கொண்டு போய் மற்ற தலைவர்களிடம் காட்டினார். ஒரு மேசை, ஒரு முத்திரை, ஒரு மழைக் கோட்டோடு உட்கார்ந்திருக்கும் எழுத்தர் எப்படிக் குறியாகிறார் என்பதை எந்தப் புள்ளிவிவரத்தாலும் அந்தப் பக்கம் போலச் சொல்லியிருக்க முடியாது. நான் அந்த எழுத்தர் வர்க்கத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவன் என்பதால் இந்தச் செய்தி எனக்குள் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

எல்லை என்பது வன்முறை நினைவு மட்டும் அல்ல, அன்றாடப் பிழைப்பும்கூட. வட அயர்லாந்தில் கறக்கும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தெற்கே போய்த்தான் பதப்படுகிறது. டப்ளினில் காய்ச்சும் கின்னஸ் பீர் டேங்கர் லாரியில் பெல்ஃபாஸ்டுக்குப் போய், அங்கே குப்பியிலும் டப்பாவிலும் அடைபட்டு, திரும்ப டப்ளின் துறைமுகத்துக்கு வருகிறது. இதற்காக மட்டும் ஆண்டுக்குச் சுமார் 13,000 முறை லாரிகள் எல்லை கடப்பதாகச் சொல்லப்பட்டது. 2007 முதல் மின்சாரச் சந்தையும் தீவு முழுவதற்கும் ஒன்றே. கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரிக்கும்போது நகையையும் நிலத்தையும் பிரித்துவிடலாம். பொதுக் கிணறும் பொதுச் சுவரும்தான் தகராறு.

அடுத்த கட்டம்தான் அயர்லாந்தின் கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைப்பது. யாரோடு எதைப் பேசலாம் என்பதை அவர்கள் முதலிலேயே பிரித்துவைத்துக்கொண்டார்கள். ஒன்றியத்தின் உறுப்பு நாடு தனியாக வணிக ஒப்பந்தம் போட முடியாது, அது ஒன்றியத்தின் தனி அதிகாரம். டப்ளின் லண்டனோடு மாட்டிறைச்சிக்குத் தனிப் பேரம் பேசியிருந்தால் சட்டத்தையும் மீறியிருக்கும், 26 கூட்டாளிகளின் நம்பிக்கையையும் இழந்திருக்கும். லண்டனில் சிலர் அதையே எதிர்பார்த்தார்கள். "நம்மைவிட்டால் அயர்லாந்துக்குப் போக்கிடம் ஏது" என்ற பழைய நினைப்பு. டப்ளின் அந்தப் பக்கம் போகவில்லை. எல்லைப் பிரச்சினையை 27 நாடுகளின் பிரச்சினையாக மாற்றுவதிலேயே முழு உழைப்பையும் போட்டது. அமைச்சர்களும் தூதர்களும் சின்னத் தலைநகரங்களுக்கெல்லாம் போய்ப் பொறுமையாக விளக்கினார்கள். அதன் பலன் 2017 ஏப்ரல் 29 அன்று தெரிந்தது: ஒன்றியத்தின் பேச்சுவார்த்தை வழிகாட்டு நெறிகளில், குடிமக்கள் உரிமை, பணப் பாக்கி ஆகிய இரண்டோடு அயர்லாந்து எல்லையும் முதல் கட்டத்திலேயே தீர்க்கப்பட வேண்டிய விஷயமாக ஏறிவிட்டது. மூன்றிலும் முன்னேற்றம் இல்லாமல் வணிகப் பேச்சே தொடங்காது என்று ஆன பிறகு, 50 லட்சம் மக்கள் உள்ள நாட்டின் கோரிக்கைக்கு 44 கோடி மக்களின் எடை வந்து சேர்ந்தது.

ஆனால் மக்கள் போக்குவரத்து வேறு கதை. பொதுப் பயணப் பகுதி 1920-களில் இருந்து வருவது, ஐரோப்பாவுக்கு முந்தையது, இரண்டு நாடுகளுக்கு மட்டும் உரியது. ஐரிஷ்காரர் பிரிட்டனிலும் பிரிட்டிஷ்காரர் அயர்லாந்திலும் கேள்வியின்றி வாழலாம், வேலை செய்யலாம், மருத்துவமனைக்குப் போகலாம். இதை இருவருமே தனியாகப் பேசி 2019 மே மாதம் ஒரு புரிந்துணர்வுக் குறிப்பில் கையெழுத்திட்டு மூடிவைத்தார்கள். பெரிய சண்டையில் இதைக் கலக்கவிடாமல் காப்பாற்றியதற்கு அயர்லாந்து பெற வேண்டிய பாராட்டு இன்னும் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. விலகப்போகிறவரின் செல்வாக்கு, விலகுவதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிடும். 2017 ஜூன் 22 அன்று, மொரீஷியஸ் தன்னுடையவை என்று பிரிட்டனோடு வழக்காடிய சாகோஸ் தீவுகள் விஷயத்தைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பக் கோரி மொரீஷியஸ் கொண்டுவந்த தீர்மானம் ஐ.நா. பொதுச் சபையில் 94-க்கு 15 என்று நிறைவேறியது. 65 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, பிரான்ஸும் ஜெர்மனியும் உட்பட ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகள் அந்த 65-க்குள் இருந்தன. பிரெக்ஸிட் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓராண்டுக்கு முன்பு என்றால் பிரிட்டனுக்காக அவற்றில் பல கை தூக்கியிருக்கும் என்று போர்ட் லூயியில் பேசிக்கொண்டோம். நம் ராஜதந்திரிகள் காற்று திரும்பியதைச் சரியாக மோப்பம் பிடித்தார்கள்.

2017-க்கும் 2020-க்கும் இடையில் வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், நடந்த கூத்தை நீங்கள் எங்கும் படித்துக்கொள்ளலாம். பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் மூன்று முறை தோற்றது. பிறகு அடுத்த பிரதமர் போரிஸ் ஜான்சனும் வராத்கரும் 2019 அக்டோபர் 10 அன்று லிவர்பூல் அருகே ஒரு பழைய மாளிகையில் தனியாகப் பேசி முடிச்சை அவிழ்த்தார்கள். விளைவு இதுதான்: வட அயர்லாந்து சரக்குகளுக்கான ஒன்றிய விதிகளைப் பின்பற்றும், சோதனை நிலத்தில் இல்லாமல் ஐரிஷ் கடலில், அதாவது பிரிட்டனில் இருந்து வரும் கப்பல் இறங்கும் இடத்தில் நடக்கும். 2023-ல் ஒன்றியமும் பிரிட்டனும் செய்துகொண்ட வின்ட்சர் ஏற்பாடு அதைக் கொஞ்சம் இளக்கியது. வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குப் பச்சை வழி, தெற்கே போகக்கூடியதற்குச் சிவப்பு வழி.

இனி என் சொந்தத் துறைக்கு வருகிறேன், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

அயர்லாந்து லாரிகள் ஐரோப்பாவுக்குப் போகப் பிரிட்டனையே பாலமாகப் பயன்படுத்தின. டப்ளினில் கப்பல் ஏறி வேல்ஸின் ஹோலிஹெட்டில் இறங்கி, இங்கிலாந்தைக் குறுக்கே கடந்து, டோவரில் மறுபடி கப்பல் ஏறிக் கலேயில் இறங்குவது. ஆண்டுக்குச் சுமார் 1,50,000 லாரிகள் இப்படிப் போயின. இருபது மணி நேரத்தில் அக்கரை. நேரடிக் கப்பல் என்றால் அதைப் போல இரண்டு மடங்கு நேரம். பாலத்தின் நடுத்துண்டு ஒன்றியத்துக்கு வெளியே போனபோது அயர்லாந்து செய்தது வாய்ச்சண்டை அல்ல, கப்பல். ராஸ்லேர் என்ற தூங்குமூஞ்சித் துறைமுகத்தில் இருந்து பிரான்சின் டன்கிர்க்குக்கு 2021 ஜனவரி 2 அன்று, விதி மாறிய மறுநாளே, புதிய நேரடிச் சேவை கிளம்பியது. அங்கிருந்தும் டப்ளினில் இருந்தும் நேரடிச் சேவைகள் பல மடங்கு பெருகின. வரித்துறை சுங்கத்துக்காக நூற்றுக்கணக்கில் புதிய ஆட்களை எடுத்தது. ஆண்டுக்கு 17 லட்சமாக இருந்த சுங்கப் படிவங்கள் 2 கோடியாக உயரும் என்று அது மதிப்பிட்டிருந்தது. அந்த இரண்டு எண்களையும் படித்தபோது ஒரு சுங்க முகவனாக எனக்குப் பொறாமை வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

படிவம் என்ன செய்யும் என்பதற்கு என் கையில் பட்ட ஒரு சம்பவம். 2021 தொடக்கம், நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி மாதங்கள். ரோஸ்ஹில் பக்கம் பின்னலாடை தைக்கும் ஒரு வாடிக்கையாளர், இங்கிலாந்தில் கடைத்தொடர் வைத்திருக்கும் ஒருவருக்குப் பல ஆண்டுகளாக டி-ஷர்ட் அனுப்பி வந்தார். எல்லாப் பெட்டிகளும் இங்கிலாந்தின் நடுவில் உள்ள ஒரு கிடங்குக்குப் போகும். அங்கே பிரித்து, அவற்றில் 40 பெட்டி டப்ளின் கடைகளுக்குப் போகும். அதுவரை இதில் ஒரு பிரச்சினையும் இல்லை. எல்லாம் ஒரே வீட்டின் அறைகள்.

அந்த ஜனவரியில் பெட்டிகள் இங்கிலாந்தில் தீர்வை இல்லாமல் நுழைந்தன, மொரீஷியஸுக்கும் பிரிட்டனுக்கும் புதிய ஒப்பந்தம் இருந்தது. 40 பெட்டி டப்ளின் போனது. அங்கே சுங்க அதிகாரி கேட்டார்: இது எங்கே செய்தது? மொரீஷியஸில். எங்கிருந்து வருகிறது? இங்கிலாந்தில் இருந்து. ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான தீர்வையில்லா ஒப்பந்தம் பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ பிறந்த பொருளுக்கு மட்டும். இது பிறந்தது நம் ஊரில். சரி, ஒன்றியத்தோடு மொரீஷியஸுக்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் அதன்கீழ் சரக்கு நேராக வர வேண்டும், வழியில் நின்றால் சுங்கக் காவலிலேயே நின்றிருக்க வேண்டும். இது இங்கிலாந்தில் உள்நாட்டுச் சரக்காக இறங்கிவிட்டது. ஆகவே முழுத் தீர்வை, 12 விழுக்காடு. இரண்டு ஒப்பந்தமும் கையில் இருந்தும் இரண்டுக்கும் நடுவில் பெட்டி விழுந்துவிட்டது. வாங்கியவர் அந்தத் தொகையை நம் ஆளின் பில்லில் கழித்துக்கொண்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்.

தீர்வு ஒன்றும் பெரிய வித்தை அல்ல. டப்ளின் பெட்டிகளை ரோஸ்ஹில்லிலேயே தனியாகப் பிரித்து, தனி விலைப்பட்டியல், தனிப் பிறப்பிடச் சான்றிதழ் (பச்சை வலைப்பின்னல் பின்னணியோடு இருக்குமே, அந்த இ.யூ.ஆர்.1 படிவம்) எழுதி, ஆன்ட்வெர்ப் வழியாக இங்கிலாந்தைத் தொடாமல் அனுப்பினோம். தையல்கூடத்துப் பெண்கள் டப்ளின் பெட்டிகளில் பச்சை மையில் ஒரு கோடு போடுவார்கள். சிறிய சரக்கு என்பதால் வாடகை கூடியது. ஆனால் 12 விழுக்காடு அளவுக்கு இல்லை. இதை நான் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. முன்கூட்டியே யாராவது ஒரு பக்கம் எழுதித் தந்திருந்தால் அந்த 40 பெட்டியும் தப்பியிருக்கும். அயர்லாந்து அரசு தன் சிறு வியாபாரிகளுக்கு வாக்கெடுப்பு முடிந்த காலத்தில் இருந்தே எழுதித் தந்தது, ஊர் ஊராகப் போய் விளக்கியது, சுங்கப் பயிற்சிக்குப் பணமும் கொடுத்தது. செய்தித்தாளில் தலைப்பாக வராத வேலை இது.

மருந்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தீவுக்காரர்களுக்கு இதுதான் தூக்கத்தைக் கெடுக்க வேண்டிய விஷயம். சின்னச் சந்தைக்கு என்று எந்த மருந்து நிறுவனமும் தனி அட்டைப்பெட்டி அச்சடிக்காது. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் மூன்றும் பிரிட்டனுக்கு அச்சடித்த பெட்டியையே பகிர்ந்து வந்தன. பிரிட்டன் வெளியே போனதும் அந்தப் பெட்டி ஒன்றிய விதிப்படி செல்லாது என்ற நிலை வந்தது. கடைசியில் 2022-ல் ஒன்றியம் தன் சட்டத்தையே திருத்தி, வட அயர்லாந்துக்கும் இந்த மூன்று நாடுகளுக்கும் வழிவிட்டது. விலகும் நாட்டோடு எவ்வளவு வணிகம் என்று மட்டும் கணக்குப் பார்த்தால் இது கண்ணில் படாது. யாருடைய வழியாக, யாருடைய பெட்டியில், யாருடைய முத்திரையோடு வருகிறது என்று பார்த்தால்தான் படும்.

இனி நமக்கு. நம்மைப் பொறுத்தவரை பிரிட்டன் இரண்டு முறை வீடு மாறியிருக்கிறது. 1951-ன் காமன்வெல்த் சர்க்கரை ஒப்பந்தம் நம் சர்க்கரைக்கு நிலையான விலை தந்துகொண்டிருந்தது. 1973-ல் பிரிட்டன் ஐரோப்பாவுக்குள் போனதும் அது செல்லாக்காசு ஆகிவிடும் நிலை. அன்றைய நம் தலைவர்கள் பிரிட்டனை மட்டும் நம்பி உட்காரவில்லை. பிரிட்டன் போய்ச் சேர்வதற்கு முன்பே, 1972-ல், பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகள் ஐரோப்பாவோடு வைத்திருந்த யவுண்டே வணிக உடன்படிக்கையில் நுழைந்துகொண்டார்கள். அதன் இடத்தில் வந்த 1975-ன் லோமே ஏற்பாட்டில் சர்க்கரை நெறிமுறை எழுதப்பட்டபோது ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் டன் என்று மிகப் பெரிய பங்கு மொரீஷியஸுக்கு வந்தது. அந்தப் பணத்தில்தான் இந்தத் தீவின் ஆடை ஆலைகளும் ஹோட்டல்களும் எழுந்தன. ஆனால் சலுகைக்கும் ஆயுள் உண்டு: 2006 முதல் விலை 36 விழுக்காடு வெட்டப்பட்டது, 2009-ல் நெறிமுறையே முடிந்தது. இன்று நம்மிடம் மிஞ்சியவை மூன்று சர்க்கரை ஆலைகள்.

இரண்டாவது முறை பிரிட்டன் நகர்ந்தபோது, 2019 ஜனவரி 31 அன்றே லண்டனில் தொடர்ச்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். அப்போது அறிவித்திருந்த விலகல் நாளுக்கு இரண்டு மாதம் முன்பு. புதிதாக ஒன்றும் கேட்கவில்லை, இருந்ததை அப்படியே படியெடுத்துக்கொண்டோம். அன்று சிலர் இதைக் கோழைத்தனம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வெள்ளம் வரும்போது பரணில் ஏற்றிவைக்க வேண்டியது இருக்கும் பாத்திரத்தைத்தான்.

உண்மையான அண்டை வீட்டுக் கதை மடகாஸ்கருடையது. 2009-ல் அங்கே ஆட்சி கவிழ்ந்தது. அதன் தண்டனையாக அமெரிக்கா தன் ஆப்பிரிக்க வணிகச் சலுகையை 2010 ஜனவரி முதல் பறித்தது, 2014-ல்தான் திரும்பக் கொடுத்தது. கூலி குறைவு என்று அன்டனனரிவோவில் ஆலை போட்டிருந்த நம் ஆடை நிறுவனங்கள் ஒரே இரவில் வழி தெரியாமல் நின்றன. நம் சலுகை நம்மிடமே இருந்தது. ஆனால் நம் இயந்திரங்கள் அவர்கள் மண்ணில் இருந்தன. மாறாக, தான்சானியா 2000-ல் கோமேசா என்ற கிழக்கு, தென் ஆப்பிரிக்கப் பொதுச் சந்தையைவிட்டுப் போனபோது வானம் இடிந்து விழவில்லை. சாடெக் என்ற தென் ஆப்பிரிக்க வட்டாரத்தின் இன்னொரு கூட்டமைப்பில் அவர்களும் இருந்தார்கள், நாமும் இருந்தோம். ஒரு கதவு மூடினால் பக்கவாட்டில் இன்னொன்று. நம் வசதி என்னவென்றால், நம் கூட்டமைப்புகள் நம் கையைக் கட்டிவைப்பதில்லை, தனியாகவும் பேசலாம். தென்னாப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்தில் இருக்கும் லெசோதோவுக்கும் எஸ்வாத்தினிக்கும் அந்தச் சுதந்திரம் கிடையாது. வசதிக்கு இன்னொரு முகமும் உண்டு: அயர்லாந்துக்குப் பின்னால் 26 நாடுகள் நின்றதைப் போல நமக்குப் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.

அயர்லாந்து எல்லாவற்றையும் வென்றுவிட்டது என்று எழுதி மதிப்பெண் வாங்க நினைக்காதீர்கள். லண்டனைவிட்டு வெளியேறிய ஐரோப்பிய வங்கி ஆணையத்தைக் கேட்டு 2017-ல் டப்ளின் போட்டியிட்டது. கடைசிச் சுற்றில் பாரிசோடு சமநிலை வந்து, சீட்டுக் குலுக்கியதில் பாரிஸ் வென்றது. நிலத்தில் சாவடி இல்லை என்று தெற்கு நிம்மதி அடைந்தபோது, பிரிட்டனோடு தங்களைக் கடல் பிரிக்கிறது என்று வட அயர்லாந்து பிரிட்டனோடேயே இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் கொதித்தார்கள். அவர்களின் பெரிய கட்சி வெளியே நின்றதால் பெல்ஃபாஸ்ட் அரசு 2022 முதல் 2024 வரை இயங்கவில்லை. சுவரை இடித்தால் ஓர் அறைக்கு வெளிச்சம், இன்னோர் அறைக்கு வெயில்.

மீனவர்கள் நிலைமை அதைவிட மோசம். 2020 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் முடிந்த பேரத்தில், பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்த மீன் ஒதுக்கீட்டில் கனத்த பங்கு அயர்லாந்தின் கணக்கில் விழுந்தது, கானாங்கெளுத்தியில் மிக அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 540 கோடி யூரோவுக்கு ஒரு சமாளிப்பு நிதி ஒதுக்கி, அதில் மிகப் பெரிய பங்காக 100 கோடிக்கு மேல் அயர்லாந்துக்கே கொடுத்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி, தென்மேற்குக் கரைத் துறைமுகங்களில் படகுகளை உடைத்துப்போட ஒப்புக்கொண்ட உரிமையாளர்களுக்கு இழப்பீடாகப் போனது. உங்கள் கட்டுரைக்கு ஒரு துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் எல்லையை எல்லோரும் எழுதுவார்கள், நீங்கள் இந்தப் படகுகளை எடுங்கள். நம் துறைமுகத்தில் சூரை மீன் இறக்கும் ஸ்பானியக் கப்பல்காரர்களில் யாரையாவது பிடித்தால் ஐரோப்பிய ஒதுக்கீடு எப்படிப் பங்கு போடப்படுகிறது என்று ஒரு காபி நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.